ஆறாவது நிபந்தனையும் புதுக் குசினியும்

டிரஸ்ஸர் கலியாணசுந்தரம் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்று சொல்லி அனுப்பியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 1957 ஜூலை மாதம், ஆனி முடிய நாலைந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, பண்டார் ஹிலிரிலிருந்து காஜா பெராங் வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். வெயிலில் கண் கூசும்படி புதுத் தகரம்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தீக் காப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் இருந்தது அத்தாப்பு ஓலைக் கூரை.

நான் வேலை பார்த்த இடம் சிங்கப்பூரில் இருந்த ஒரு காப்புறுதிக் கம்பெனியின் ஏஜெண்டு அலுவலகம். ஏஜெண்டு ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரிலிருந்து மாமாவின் கடைக்கென்று கப்பலேறி வந்த நான், கடை மூடிய பிறகு இவரிடம் ஒட்டிக்கொண்டேன். ஆறு மாதம் பார்ப்பேன், ஆகஸ்டு முடிவில் நிரந்தரமா இல்லையா என்று சொல்வேன் என்றார். நிரந்தரமில்லை என்றால் வேலைக் கடிதம் இல்லை. வேலைக் கடிதம் இல்லாமல் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது. பெர்மிட்டு இல்லாவிட்டால் மறுபடி கப்பல். கீழ்த்தளத்தில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு அந்தக் கப்பல் அடிக்கடி கனவில் வரும்.

எனக்குக் கொடுத்த வேலை, ஊரில் உள்ள தமிழர் வீடுகளைத் தீக் காப்புறுதியில் சேர்ப்பது. வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல தீ பிடிச்சா" என்று நான் ஆரம்பித்தவுடன் கதவு சாத்தப்படும். ஒரு பாட்டியம்மாள் என் பின்னாலேயே வந்து நான் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தாள். ஆறு மாதத்தில் சேர்ந்தது ஒரே வீடு. அதுவும் டிரஸ்ஸர் வீடு. முப்பது வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். எந்தக் கெடுதலும் முதலில் நடக்கும், பிறகுதான் ரெஜிஸ்தரில் ஏறும், எழுதுவதால் வராது என்று கண்டவர், அதனால் அவருக்கு இந்தப் பேச்சில் பயம் கிடையாது. பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, வீட்டிலிருந்து எட்டு அடி தள்ளிச் சமையலுக்குத் தனிக் குசினி என்று நான் எழுதினேன். அந்த எட்டு அடியை நானே டேப் பிடித்து அளந்தேன்.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பத்திரத்தை நீட்டும்போது பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்: "அத்தாப்புங்கிறதாலதான் ஐயா ரேட்டு கூட. தகரம் போட்டீங்கன்னா குறையும்."

வீட்டைப் புதுப்பிக்கிற வேலை அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தது.

தகரம் போட வந்த அப்பாசாமி ஆசாரி, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். "குசினி வெளிய, அதுவும் வடமேக்குல. அக்கினிக்கு எடம் தென்கிழக்குல்ல? அடுப்ப அது எடத்துல வச்சாத்தான் அது அடங்கி இருக்கும்" என்றாராம். அவ்வளவுதான். தென்கிழக்கு மூலையில், படுக்கிற அறைக்கு ஒட்டினாற்போல, ஒரு சுவரை இடித்து, வீட்டோடு சேர்த்து, இடுப்புயரம் செங்கல்லும் மேலே பலகையுமாகப் புதுக் குசினி எழும்பிவிட்டது. அடுப்பிலிருந்து வீட்டைக் காப்பாற்றத்தான் ஆசாரி அதை உள்ளே கொண்டுவந்தார். அதே காரணத்துக்காகத்தான் எங்கள் கம்பெனி அதை வெளியே வைக்கச் சொன்னது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளவில்லை.

"வாங்க தம்பிராஜா, வாங்க! பாத்தீங்களா? எல்லாம் நீங்க சொன்னதுதான்" என்று டிரஸ்ஸர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பட்டுப் புடவையில் புது அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். பால் பொங்கியது. எல்லோரும் "பொங்குச்சு, பொங்குச்சு" என்றார்கள். எனக்குப் பத்திரத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில் ஆறாவது நிபந்தனை கண் முன்னால் வந்து நின்றது. கட்டடத்தில் ஆபத்தைக் கூட்டும் மாறுதல் எதுவும் செய்தால் உடனே எழுத்து மூலம் அறிவித்துக் கம்பெனியின் சம்மதம் பெற வேண்டும். பெறாவிட்டால் காப்புறுதி செல்லாது. செல்லாத பத்திரம் விற்றவன் நான். விற்றது மட்டுமல்ல, மாறுதலைக் கண்ணால் பார்த்தவன். அந்த மாறுதலிலேயே காய்ச்சிய பாலைக் கையில் வாங்கிக் குடித்தவன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?"

"போதும்மா" என்றேன். ஊற்றினார். குடித்தேன்.

மறுநாளே மாறுதல் அறிவிப்புப் பாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். டிரஸ்ஸருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பத்திரத்தின் முன்பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார். பின்பக்கத்தை அவர் திருப்பவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாவது நிபந்தனையை இரண்டு தடவை படித்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கான். நாமதான் பாக்கல. குடுங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

பேனாவைத் திறந்தவுடன் உள்ளேயிருந்து பாக்கியலட்சுமி அம்மாள் வந்தார்.

"என்னா தாளு அது?"

"ஒண்ணுமில்லம்மா, இந்த வீட்டுக்குத் தீ..."

"நிறுத்துங்க!" அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நேத்துப் பால் காச்சின வீடு தம்பி. ஒரு மண்டலம் ஆவுற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது. வத்திப் பொட்டியக்கூட நான் 'அந்தப் பொட்டி'ன்னுதான் கேக்குறேன்."

"மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள்ம்மா."

"எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையைச் சொல்லாமல் தீக் காப்புறுதியை விளக்கிப் பார்த்தேன். "அம்மா, இப்ப... ஒரு விருந்தாளி வர்றான்னு வச்சுக்குங்க."

"யாரு?"

"கூப்பிடாம வர்ற விருந்தாளி. செவப்பா இருப்பான். முன்ன அவன் எட்டடி தள்ளி வெளிய குடியிருந்தான். இப்ப நீங்க அவனை உள்ள கொண்டாந்து, படுக்குற அறைக்குப் பக்கத்துல எடம் குடுத்துட்டீங்க. அதைக் கம்பெனிக்குச் சொல்லணும்."

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, என் வீட்டுல எந்தச் செவப்பு ஆளும் கெடையாது. அக்கம்பக்கத்துல காதுல விழுந்தா என்னா நெனப்பாங்க?"

டிரஸ்ஸர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "விடுங்க தம்பி. நாப்பத்தெட்டு நாள்தானே. ஆகஸ்டு இருபத்தெட்டோட முடியுது. இருபத்தொம்பதாந்தேதி காலையில முதல் வேலை இதுதான்."

"அதுக்குள்ள ஏதாவது..."

"ஏதாவதுன்னா?" என்றார் அம்மாள்.

நான் பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் ராஜரத்தினத்திடம் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "நீர் பார்த்தனீர்தானே? ஏன் அண்டைக்கே எழுதேல்லை?" அதனால் நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அந்த வீட்டில் தீ பிடிக்காமல் நானே பார்த்துக்கொள்வது.

தினமும் ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேரே காஜா பெராங். "இந்தப் பக்கமா வந்தேன்" என்பேன். நான் குடியிருந்தது பண்டார் ஹிலிரில், கடை மாடியில். இந்தப் பக்கமாக வர எனக்கு ஒரு காரணமும் கிடையாது. குசினிக்குள் எட்டிப் பார்ப்பேன். அடுப்பு அணைந்திருக்கும். கையை மேலே வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்திருக்கும். சாம்பல் ஒரு பொட்டு இருக்காது. சுவரில் கரி இல்லை. டிரஸ்ஸர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஆறு மணிக்கே சாப்பிடுகிறவர், அதனால் அம்மாள் சீக்கிரமே சமையலை முடித்து, அடுப்பை அணைத்து, கழுவித் துடைத்தும் விடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு பொறுப்பான குடும்பத்தைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருக்கும். மறுநாள் மறுபடி போவேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை வேலிக்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு, "என்னா தம்பி, அடுப்பு பாக்க வந்தாச்சா?" என்பார். ஆடி மாதம் முழுக்க அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். அடுப்பு பாக்குற தம்பி.

"அக்கா, உங்க வீட்டுக்கும் ஒரு பத்திரம்..." என்று ஒரு நாள் ஆரம்பித்தேன்.

"ஐயோ வேணாஞ் சாமி! ஒரு பத்திரத்த வாங்கிட்டு அவுங்க படுற பாடு போதாதா? தெனம் ஒரு ஆளு வந்து அடுப்பத் தடவிட்டுப் போறான்."

நாற்பது நாள் இப்படியே ஓடியது. ஊர் முழுக்க மெர்டேக்கா, அதாவது சுதந்திரப் பேச்சு. கடைகளில் காகிதக் கொடி வந்துவிட்டது. எனக்கு ஆகஸ்டு முப்பத்தொன்றை விட இருபத்தொன்பதுதான் பெரிய நாளாக இருந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்த பாரம் வியர்வையில் ஊறி நைந்துபோனதால் புதிதாக ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு இருபத்தாறு, திங்கட்கிழமை காலை ராஜரத்தினம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவருக்கு எதிரே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளைக்காரக் கலப்பு வம்சம், ஆனாலும் நல்ல கறுப்பு, காக்கிக் கால்சட்டை.

"தம்பி, இவர் மிஸ்டர் லாசரூ. கொம்பனியின்ர சர்வேயர். கொடி மாறுறதுக்கு முன்னம் இங்கத்தே எல்லா வீட்டையும் ஒருக்கால் பார்த்து முடிக்கச் சொல்லி சிங்கப்பூரில இருந்து காயிதம் வந்திருக்கு. உம்மடை வீடு ஒண்டுதானே? கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்."

"இன்னைக்கா சார்?"

"ஏன், வீடு எங்கேயும் போயிட்டுதோ?"

"இல்ல சார். வியாழக்கிழமை போனா நல்லா இருக்கும்."

"வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு லாசரூ எழுந்துவிட்டார்.

அவருடைய மோரிஸ் காரில் போகும்போது நல்ல தமிழில் பேச்சுக் கொடுத்தார். "என்னாப்பா முழிக்கிற? எங்கப்பா தம்பின் பக்கம் கித்தா மரம் சீவுற தோட்டத்துல கணக்குப் பாக்குற கிராணி. பத்து வயசு வரைக்கும் கூலி லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடதான் திரிஞ்சேன். நீ பேசுற தமிழ்தான் எனக்குப் புரிய மாட்டேங்குது. ஊர்த் தமிழா?"

"ஆமா சார்."

"எதுக்குச் சட்டைப்பையத் தடவிக்கிட்டே வர்ற?"

"பழக்கம் சார்."

நாற்பத்தாறாம் நாள். இன்னும் இரண்டே நாள். என் மனசுக்குள் கப்பலின் சங்கு ஊதியது.

வீட்டு வாசலில் இறங்கியதும் புகை வாசனை வந்தது. நான் அந்த வீட்டுக்குக் காலை வேளையில் வந்ததே இல்லை, பால் காய்ச்சின நாளைத் தவிர. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். எட்டடி தள்ளி, இப்போது விறகு போட்டு வைக்கிற கொட்டகையாகிவிட்டது என்று நாற்பது நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த பழைய குசினியின் ஓலை இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே பாக்கியலட்சுமி அம்மாள், முகம் சிவக்க, ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பில் சாம்பார் கொதித்தது.

"அம்மா! இங்கயா சமைக்கிறீங்க?"

"பின்ன எங்க?"

"புதுக் குசினி?"

"அதுல சமைச்சா சுவரெல்லாம் கரியாப் போயிடாதா?" என்றார், இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல. "ஆசாரி சுண்ணாம்பு அடிச்சு ரெண்டு மாசம்கூட ஆவல. வர்றவங்க போறவங்க பாக்குற எடம். அதுல போயி மொளகாத் தாளிப்பாங்களா?"

நாற்பத்தாறு நாளாக நான் கையை வைத்துக் குளிர்ச்சி பார்த்த அடுப்பில் பால் ஒரு தடவை பொங்கியதோடு சரி. அந்தக் கணத்தில் நான் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அடுப்பு எரியாத இடம் குசினி அல்ல. குசினி இன்னமும் எட்டடி தள்ளித்தான் இருக்கிறது, நான் டேப் பிடித்து எழுதியபடியே. கூரையும் சுவரும் நல்லதற்குத்தான் மாறியிருக்கின்றன. மீதி ஒன்றும் மாறவில்லை. நான் தப்பித்துவிட்டேன்.

உள்ளே லாசரூ டிரஸ்ஸரோடு கை குலுக்கிவிட்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தகரத்தைப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். தென்கிழக்கு மூலைக்கு வந்தார். அடுப்பு மேடையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மேடை மேல் பித்தளைப் பாத்திரங்கள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகத் துலக்கி வைத்திருந்தன.

"இது என்னா ரூம்பு? ஸ்டோரா?"

"ஆமா சார்" என்றேன். "ஸ்டோர்தான் சார். சாமான் வைக்கிற அறை."

லாசரூ நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு நிமிஷம் எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"ஸ்டோரா?" என்றார் டிரஸ்ஸர். "என்னாங்க தம்பி, குசினிய ஸ்டோருங்கிறீங்க? மிஸ்டர் லாசரூ, இது எங்க வீட்டுக் குசினி."

"ஐயா..." என்று அவர் கையைத் தொட்டேன்.

"விடுங்க. பென்ஷன் பணத்துல கட்டினது. என் வீட்டுல குசினி உள்ள இருக்குன்னு எழுதட்டும். அதுல என்னா குத்தம்?"

லாசரூ சிரித்தார். "டிரஸ்ஸர் சார், அடுப்புல கரியே இல்லையே. கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டாததுதான் பாக்கி. இதக் குசினின்னு நான் எப்பிடி எழுதுறது? பாக்குறவன் சிரிப்பான்."

அந்தப் பேச்சு கதவருகில் வந்து நின்ற பாக்கியலட்சுமி அம்மாளின் காதில் விழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். பித்தளைப் பாத்திரங்களைக் கைக்கு வந்தபடி ஓரம் தள்ளினார்.

"சிரிப்பாங்களா? யாரு சிரிப்பாங்க? இந்தக் குசினியப் பாத்து அஞ்சலை ரெண்டு நாளு சோறு திங்கல. ஸ்டோராம்ல, ஸ்டோரு!"

"அம்மா, வேணாம்மா" என்றேன். "இன்னும் ரெண்டு நாள்தான்..."

"நீங்க தள்ளுங்க தம்பி. விறகு எங்க? அந்தப் பொட்டி எங்க?"

டிரஸ்ஸர் ஓடிப்போய் விறகு எடுத்து வந்தார். அந்த மனுஷரின் கையிலிருந்து விறகைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அம்மாள் தென்னம்பாளையை முறித்து வைத்து, குச்சியைக் கிழித்து, குனிந்து ஊதினார். வெள்ளைச் சுவரில் முதல் புகை ஏறியது. அம்மாளின் கண் ஒரு நொடி அந்தப் புகையோடு சுவரில் ஏறி இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. அடுப்பு பற்றிக்கொண்டது.

"பாருங்க துரை!" இடுப்பில் கை வைத்து நின்றார். "எரியுதா இல்லையா? இது தீயா இல்ல வேற என்னாவா? காப்பித் தண்ணி போடுறேன், குடிச்சிட்டு எழுதுங்க ஸ்டோருன்னு!"

நாற்பத்தாறு நாளாக அந்த வீட்டுக்குள் நுழையாமல் இருந்த வார்த்தையை அவர் வாயாலேயே சொன்னார். அவர் அதைச் சொன்னது என்னைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை.

லாசரூ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பிறகு தொடையில் நோட்டைப் பிரித்தார். தமாஷ் முகம் போய்விட்டது.

"ரைட். குசினி உள்ளதான். அறிவிப்புக் குடுத்திருக்கீங்களா?"

டிரஸ்ஸர் என் பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்து பொழங்குறீங்க?"

"இப்பதான் சார்!" என்று நான் முந்திக்கொண்டேன். "உங்க கண் முன்னாலதானே மூட்டினாங்க. இது வரைக்கும் வெளியதான் சமையல். இந்தாங்க, பாரம். இன்னைக்கே அறிவிப்பு. உடனே அறிவிக்கணும்னுதானே சார் நிபந்தனை?" சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

லாசரூ பாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவு ரெடியா பூர்த்தி பண்ணி வச்சிருக்க?"

அவர் எழுதப்போகும்போது டிரஸ்ஸர் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷம் ரெஜிஸ்தர் எழுதியவர். தேதி தப்பாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

"தப்புங்க மிஸ்டர் லாசரூ. முதல்ல மூட்டினது ஜூலை பன்னெண்டு. வெள்ளிக்கிழமை, காலை ஒம்பதே காலு. பால் காச்சினோம். தம்பியும் இருந்தாரு. ரெண்டு டம்ளர் குடிச்சாரு."

லாசரூ மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"குடிச்சியா?"

"குடிச்சேன் சார்." இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அன்னைக்கே நான் எழுதியிருக்கணும். அம்மா ஒரு மண்டலம் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதுன்னாங்க. இருபத்தொம்பதாந்தேதி எழுதித் தர்றதா இருந்தாங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

அடுப்பில் விறகு வெடித்தது. லாசரூ பேனாவை மூடித் திறந்தார். பிறகு பாக்கியலட்சுமி அம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, அந்தப் பால், சமைக்கிறதுக்கா காச்சினீங்க? சாமிக்கா?"

"என்னா கேள்வி துரை இது? சாமிக்குத்தான்."

"அப்ப சரி. எங்க சர்ச்சுல மெழுகுவத்தி கொளுத்துறோம். அதுக்காக சர்ச்சக் குசினின்னு சொல்றதில்ல." நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "ஜூலை பன்னெண்டு, மதச் சடங்கு. ஆகஸ்டு இருபத்தாறு, சமையல் ஆரம்பம். அன்னைக்கே அறிவிப்பு. கையெழுத்துப் போடுங்க டிரஸ்ஸர் சார்."

டிரஸ்ஸர் அடுப்பு மேடையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் மணியும் சேர்த்துப் போட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் லாசரூ. "பலகைச் சுவரு, படுக்குற ரூம்பு பக்கத்துல. சும்மா சம்மதம் குடுக்க மாட்டான் கம்பெனி. தகரத்துக்குக் குறையுற ரேட்டு இதுல ஏறிடும். அதோட, ஏதாச்சும் ஒரு காவல் இருக்குன்னு நான் எழுதணும். அடுப்ப அணைச்சாச்சான்னு யாராச்சும் பாக்குறாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே, வேலிப் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. எப்போதிருந்து நின்றுகொண்டிருந்தாரோ. "அந்தத் தம்பிதான் தெனமும் வருதே! மழையா இருந்தாக்கூட வந்து, அடுப்பத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போகும்!"

லாசரூ என்னைப் பார்த்தார். "மெய்யாவா?"

"ஆமா சார்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமையும் சார்" என்றார் டிரஸ்ஸர் பெருமையாக.

லாசரூ தலையை ஆட்டிக்கொண்டே நாலு வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு முப்பது, ராஜரத்தினம் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் லாசரூவின் அறிக்கையும், சிங்கப்பூரிலிருந்து வந்த தந்தியும், ஒரு உறையும் இருந்தன.

"கொம்பனி சம்மதிச்சிட்டுது. உம்மைப் பற்றியும் நல்லா எழுதியிருக்கிறார். இருபத்தைஞ்சு வருஷ சர்வீசில இப்பிடியொரு கிளார்க்கைத் தான் கண்டதேயில்லையாம்." உறையை நீட்டினார். "பிடியும். நீர் நிரந்தரம்."

மாடிப்படியில் நின்று பிரித்துப் படித்தேன். முதல் பத்தியில் என் பெயர், பதவி, சம்பளம். கப்பல் சத்தமில்லாமல் துறைமுகத்தை விட்டுப் போவது போலிருந்தது. இரண்டாவது பத்தியில், மேற்படி வீட்டின் காப்புறுதி நடப்பிலிருக்கும் காலம் வரைக்கும், ஏஜெண்டு அலுவலகத்தின் கிளார்க்கு தினமும் அந்த வீட்டு அடுப்பைப் பார்வையிட்டுக் குறிப்பேட்டில் பதிய வேண்டும், இது காப்புறுதியின் நிபந்தனைகளில் ஒன்று என்று இருந்தது.

மறுநாள் நாட்டுக்கே விடுமுறை. ஊர் முழுக்கத் திடலில் இருந்தது. பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. நான் எதிர்த் திசையில் மிதித்தேன். டிரஸ்ஸர் வீடு பூட்டியிருந்தது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கடைசியாகக் கிளம்பிய அஞ்சலை என்னைப் பார்த்து நின்றார்.

"அவுங்க காலையிலயே போயிட்டாங்களே. நாட்டுக்கே சொதந்திரம், ஒங்களுக்கு இல்லையா?"

"கடிதத்துல தினமும்னு போட்டிருக்குக்கா."

"பூட்டின வீட்டுல அடுப்பு எப்பிடி எரியும்?"

அதற்கும் கடிதத்தில் பதில் இல்லை. பக்கவாட்டில் போய் ஒரு கல்லை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அம்மாள் திங்கட்கிழமைப் புகைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார். பித்தளைப் பாத்திரங்கள் மறுபடி வரிசைக்கு வந்திருந்தன. அடுப்பு வாய்க்குள்ளேயே ஒரு பூச்சாடி, அதில் ஒரு காகிதக் கொடி.

பின்னால் பழைய குசினியின் ஓலை இடுக்கிலிருந்து, காலையில் மூட்டியது சரியாக அணையாமல், மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சொல்லி எந்த நிபந்தனையும் இல்லை. கல்லில் நின்றபடியே குறிப்பேட்டைத் திறந்தேன். ஆகஸ்டு 31, மணி பத்தரை, அடுப்பு பார்வையிடப்பட்டது, அணைந்திருக்கிறது என்று எழுதினேன். பிறகு கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக்கொண்டு, யாருடைய உத்தரவும் இல்லாமல் கொட்டகைப் பக்கம் நடந்தேன்.